ஏறியிருந்தால் இறங்கு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் சௌக்கியம். நீ, உன் வீட்டுக்காரி, குட்டி மூவரும் சௌக்கியம் என்று எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் மறுப்புத் தெரிவிக்க உனக்கு உரிமை உண்டு. பார்த்தாயா, கடிதத்தில்கூட இந்த வக்கீல் புத்தி போகவில்லை.

போனில் பேசினால் நாம் இருவரும் "அப்புறம்?" "நீதான் சொல்லணும்" என்பதைத் தாண்டுவதில்லை. தவிர, என் போன் ஆபீஸ் போன், கம்ப்யூட்டர் ஆபீஸ் கம்ப்யூட்டர். எங்காவது ஒரு நாட்டில் விசாரணை என்று வந்தால் இரண்டையும் அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் படிப்பார்கள். குட்டிக்குப் பல் விழுந்த சேதியை ஒரு விசாரணை அதிகாரி படிக்க வேண்டாமே. இந்தப் பேனா மட்டும்தான் என் சொந்தம்.

சொல்ல வந்த விஷயம், இந்த மாதம் முதல் கம்பெனியின் சட்டப் பிரிவு முழுவதும் என் பொறுப்பு. எங்கள் லிஃப்ட் பிரேக் ஒன்பது நாடுகளுக்குப் போகிறது. ஒன்பது நாட்டுச் சட்டமும் ஒன்பது திசையில் இழுக்கும், நடுவில் நான். அத்தை கோர்ட்டில் வாதாடுவாள் என்று குட்டியிடம் பெருமையடித்து வைக்காதே. நான் கோர்ட்டுக்குப் போக நேர்ந்தால் என் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம். என் கட்சிக்காரர் முதலாளியும் இல்லை, டைரக்டர்களும் இல்லை. கம்பெனிதான். அதற்கு முகம் கிடையாது, ஆனால் அதன் ரகசியத்தைக் கட்டின புருஷனிடம்கூட நான் சொல்லக்கூடாது. நல்லவேளை, எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

எங்கள் மேனேஜிங் டைரக்டருக்கு நான் வைத்திருக்கும் பெயர் கைக்குட்டை. கெட்ட சேதி வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் யாருக்கோ நேரம் சரியில்லை.

என் வீட்டு ஜன்னல் இன்னும் சரியாக மூடவில்லை. ஏழாவது மாடிக் காற்று போர்வைக்குள் வந்து படுத்துக்கொள்கிறது. நீ இருந்தால் ஐந்து நிமிஷத்தில் சரிசெய்து ஐம்பது நிமிஷம் அதைப் பற்றிப் பேசியிருப்பாய்.

நீ பதில் எழுதும்வரை உன் மேல் கோபமாக இருக்கும்,
அக்கா

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம், மறுப்பு ஏதும் இல்லை. குட்டிக்கு முன்பல் இரண்டும் போய்விட்டது. சிரித்தால் கதவு திறந்த லிஃப்ட் மாதிரி இருக்கிறாள். அத்தை பெரிய பதவிக்குப் போய்விட்டாள் என்று சொன்னேன். "அத்தைக்குப் பல் இருக்கா?" என்றாள். அவள் கவலை அவளுக்கு.

என் வீட்டுக்காரி உன்னை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். எல்லாக் கடிதத்திலும் இதைத்தான் சொல்கிறாள் என்பதால் இனிமேல் நான் எழுதாவிட்டாலும் சொன்னதாக எடுத்துக்கொள்.

இங்கே நான் பார்க்கிற லிஃப்டில் பாதிக்கு உன் கம்பெனி பிரேக்தான். சர்வீஸ் செய்யும்போது கூண்டின் தலைமேல் ஏறித்தான் நிற்க வேண்டும். கீழே ஒன்றுமில்லை, மேலே நாலு முழத்தில் கான்கிரீட். நடுவில் என்னைப் பிடித்து நிறுத்தி வைத்திருப்பது உன் கம்பெனி பிரேக். அதனால் கொஞ்சம் பார்த்துப் பதவி வகிக்கவும். என் ஜோடி மௌனசாமியும் வாழ்த்துச் சொன்னான். பதினாறு வருஷமாக என்னோடு மேலே ஏறுகிறவன், மூன்று பேர் பேச வேண்டியதைத் தானே பேசுவான், அதனால்தான் அந்தப் பெயர். அவன் வாழ்த்து அரை மணி நேரம் நடந்தது. இங்கே சுருக்கித் தந்திருக்கிறேன்.

நீ வக்கீலானது காலேஜில் இல்லை அக்கா. ஒன்பது வயசில் நான் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினேனே, ஞாபகம் இருக்கிறதா? கீழே நின்று "ஏறாதே" என்று கத்தினாய். "ஏறிட்டேனே" என்றேன். ஒரு நொடி யோசித்து "ஏறியிருந்தா இறங்கு" என்று கத்தினாய். எந்த நிலைமைக்கும் ஒரு ஷரத்து கையில் வைத்திருப்பவள் நீ. அன்றைக்கு அழுதுகொண்டே கத்தினாய் என்பதையும் நான் மறக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே பார்க்காதே, உள்ளே கீல் தேய்ந்திருக்கும், அதைப் பார்.

உன் கோபத்துக்குப் பயந்து சீக்கிரமே எழுதும்,
தம்பி

பிப்ரவரி 16

அன்புள்ள தம்பி,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

சில விஷயம் தெரிய வேண்டும். சர்வீஸுக்குப் போனால் ஒவ்வொரு முறையும் கூண்டின் மேல் ஏறியே ஆக வேண்டுமா? ஏறாமல் வேலை செய்ய வழி உண்டா? பிரேக்கை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்ப்பீர்கள்? எந்தெந்தக் கட்டடத்தில் எங்கள் பிரேக் இருக்கிறது?

ஒரு மாதம் லீவு போட்டு மூவரும் இங்கே வாருங்களேன். குட்டிக்குப் பள்ளிக்கூடம் என்று சொல்லாதே, இரண்டு பல் போனவளுக்கு ஒரு மாதப் பாடம் போனால் ஒன்றும் ஆகாது. உடனே வந்தால் நல்லது.

ஏன் என்று கேட்காதே. ஆபீஸில் ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றி நான் பேச முடியாது. அவ்வளவுதான்.

அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். உன் கடிதத்தை என் வீட்டுக்காரி இரண்டு முறை படித்தாள். "அண்ணிக்கு உடம்பு சரியில்ல, மறைக்கிறாங்க" என்பது அவள் தீர்ப்பு. உனக்குத் தனிமை வாட்டுகிறது என்பது என் தீர்ப்பு. தனியாக இருப்பவர்களுக்குத்தான் திடீரென்று தம்பி வேலையைப் பற்றிக் கவலை வரும். எது சரி என்று ஒரு வரி எழுது.

கேள்விகளுக்குப் பதில். ஏறாமல் வேலை இல்லை அக்கா, மீனவனைத் தண்ணீரில் இறங்காதே என்றால் அவன் எங்கே போவான்? பிரேக்கைப் பிரிப்பது வருஷத்துக்கு ஒருமுறை, மற்ற நேரமெல்லாம் வெளியிலிருந்து பார்ப்பதுதான். உங்கள் பிரேக் உள்ள இடங்கள்: ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் ஏற்றும் பெரிய லிஃப்ட், துணிக்கடை, இரண்டு பள்ளிக்கூடம், பதினான்கு அடுக்குமாடி. ஒரு மாத லீவு கேட்டால் எங்கள் மேனேஜர் நிரந்தர லீவாகவே தந்துவிடுவார். வருஷக் கடைசியில் வருகிறோம்.

கீலைப் பார்த்தாயா?

தம்பி

மார்ச் 20
(எழுதி, அனுப்பாமல் மேசை டிராயரில் வைத்தது)

தம்பி,

இந்தக் கடிதம் உனக்கு வராது. உன்னிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டாவது ஒருமுறை எழுதிவிட வேண்டும்.

பிப்ரவரி முதல் வாரம் ஒரு நாட்டில் எங்கள் பிரேக்கில் ஸ்பிரிங் உடைந்தது. காலிக் கூண்டு, எதிர்ப்பக்க எடை இழுத்ததில் அதுவாக மேலே ஓடிப்போய் இடித்து நின்றது. யாருக்கும் அடி இல்லை. எங்கள் இன்ஜினீயர்கள் பார்த்துவிட்டு, போன வருஷம் ஏழு வாரம் ஓடிய ஒரு பேட்சில் ஸ்பிரிங் பதம் சரியில்லை, நாற்பதுக்கு ஒன்று விரிசல் விடலாம் என்றார்கள். அந்த ஏழு வாரச் சரக்கில் ஒரு பங்கு உன் ஊருக்கு வந்திருக்கிறது.

உடைந்த நாட்டில் பத்து நாளைக்குள் அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டோம். இன்னொரு நாட்டில் வாய் திறந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். மூன்றாவது நாட்டில், கம்பெனியிலேயே சம்பளம் வாங்கும் வக்கீல் எழுதும் ஆலோசனைக்கு ரகசியப் பாதுகாப்பில்லை, அதிகாரிகள் எடுத்துப் படிக்கலாம். அதனால் நான் எதையும் எழுதாமல் இருப்பதே நல்லது என்கிறார்கள். நம் நாட்டில் சொல்லியே தீர வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

நான் முதலில் எழுதிய அறிவிப்பு இரண்டே வரி. அது ஒன்பது நாட்டு வக்கீல்களிடமும் சுற்றுக்குப் போனது. ஒருவர் "ஆபத்து" என்பதை வெட்டினார், ஒருவர் "உடனே" என்பதை, ஒருவர் பேட்ச் நம்பரை. எல்லாரும் நல்லவர்கள்தான், அவரவர் நாட்டுச் சட்டத்துக்குப் பயந்து அவரவர் கத்தரித்தார்கள். திரும்பி வந்தபோது அதில் எதுவுமே இல்லை. எல்லா நாட்டுக்கும் ஒரே வாசகம்தான் போக வேண்டும், இது வேண்டாமென்றால் அறிவிப்பே வேண்டாம் என்றார் கைக்குட்டை. ஏதோ ஒன்று போனால் போதும் என்று இன்று கையெழுத்துப் போட்டேன். நம் மொழிக்கு நானே மாற்றினேன்.

நீ மேலே ஏறுகிறாய். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது.

மார்ச் 20

அன்புள்ள தம்பி,

நலம். தனிமையும் இல்லை, நோயும் இல்லை என்று உன் வீட்டுக்காரியிடம் சொல். இங்கே ஒரு வாரமாக மழை. கீல்தான் தேய்ந்திருக்கிறது, நீ சொன்னது சரி. ஜாக்கிரதையாக இரு.

அக்கா

மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். நான் நலம், குட்டிக்கு ஒரு பல் முளைத்துவிட்டது. நான் குறட்டை விடுகிறேன் என்று என் வீட்டுக்காரி என்னை நாலு நாளாக ஹாலில் படுக்க வைத்திருக்கிறாள். இதற்கு ஏதாவது சட்டம் இருந்தால் எழுது.

உன் கம்பெனியிலிருந்து ஒரு சர்க்குலர் வந்தது. அதைப் பற்றி எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அப்படியே தருகிறேன், படி.

"நிறுவனத்தின் தொடர் மேம்பாட்டு முயற்சிகளின் ஓர் அங்கமாக, குறிப்பிட்ட காலப்பகுதியில் தயாரிக்கப்பட்ட சில ஸ்பிரிங்குகள் தொடர்பில், எவ்விதப் பொறுப்பையும் ஏற்காமல், அடுத்த வழக்கமான பராமரிப்பின்போது உரிய கவனம் செலுத்துவது பொருத்தமாக அமையக்கூடும் எனக் கருதப்படுகிறது."

எட்டு முறை படித்தோம். மௌனசாமி வாழ்க்கையில் முதல் முறையாகப் பேச்சில்லாமல் நின்றான். எங்கள் மேனேஜர் இது நாம் நன்றாக வேலை செய்கிறோம் என்று பாராட்டி வந்திருக்கிறது என்றார். எந்த ஸ்பிரிங், என்ன கோளாறு, என்ன செய்ய வேண்டும், ஒன்றும் இல்லை. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறவன்கூடக் கடைசியில் மூக்கைத் தொட்டுவிடுவான். இதில் மூக்கே வரவில்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் இதை எழுதினவன்.

அந்தக் கழுதை யார் என்று கண்டுபிடி அக்கா. ஒரே ஒரு நாள் என்னோடு கூண்டின் மேல் நிற்க வை. அப்புறம் அவன் எழுதுகிற தமிழைப் பார்.

சர்க்குலரை மடித்து வீட்டில் ஆடுகிற மேசைக் காலுக்குக் கீழே வைத்திருக்கிறோம், அதற்கு உபயோகமாகத்தான் இருக்கிறது. அடுத்த வழக்கமான பராமரிப்பு ஆஸ்பத்திரி லிஃப்ட், 18ஆம் தேதி காலை. நானும் மௌனசாமியும் ஏறுகிறோம். "உரிய கவனம்" செலுத்திவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

ஹாலிலிருந்து,
தம்பி

மே 19

அக்கா,

நலமாக இருக்கிறேன். இதை முதலில் எழுதச் சொன்னது என் வீட்டுக்காரி.

நேற்றுக் காலை ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடிக் கதவைத் திறந்து, நான் கூண்டின் மேல் நின்றுகொண்டிருந்தேன். மௌனசாமி ஒரு காலை உள்ளே வைத்து, நேற்றைய கதையின் பாக்கியைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் போன் அடித்தது, மேனேஜர். புது அறிவிப்பு வந்திருக்கிறது, படிக்கிறேன், கேள் என்று படித்தார். மௌனசாமி ஸ்பீக்கரில் போட்டான்.

"கீழே உள்ள பேட்ச் நம்பர் இருந்தால் லிஃப்டை நிறுத்துங்கள். பிரேக் பிடிக்காமல் போகலாம், உயிருக்கு ஆபத்து. கூண்டின் மேல் ஏறாதீர்கள். ஏறியிருந்தால் இறங்குங்கள். புது ஸ்பிரிங் நாங்கள் தருகிறோம்."

நான் இறங்கிவிட்டேன். ஆனால் அந்த வரியைக் கேட்டதும் ஒரு நொடி நகராமல் நின்றேன் அக்கா. உலகத்தில் அப்படிச் சொல்கிற ஆள் ஒருத்திதான்.

நீதானே எழுதினாய்?

தம்பி

ஜூன் 1

அன்புள்ள தம்பிக்கு,

"நலம்" என்ற சொல்லை இவ்வளவு நேரம் நான் எந்தக் கடிதத்திலும் பார்த்துக்கொண்டிருந்ததில்லை.

ஆமாம், நான்தான். அந்தக் கழுதையும் நான்தான். இதோடு ஒரு பழைய கடிதம் வைத்திருக்கிறேன், மார்ச்சில் எழுதி அனுப்பாதது. விஷயமெல்லாம் வெளியே வந்துவிட்டதால் இப்போது அனுப்பத் தடையில்லை. அதைப் படித்துவிட்டு மேலே படி.

உன் சர்க்குலர் கடிதம் மே 13 எனக்குக் கிடைத்தது. சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த நாள் அவசர போர்டு மீட்டிங் கேட்டேன். 17ஆம் தேதிக்குத்தான் கூட முடிந்தது.

கூட்டத்தில் உன் கடிதத்தைப் படித்தேன். முழுவதையும். நடுவில் விட்டுப் படித்தால் ஆவணத்தைத் திரித்ததாகும். அதனால் உன் குறட்டையும் ஹாலும் குட்டியின் பல்லும் எல்லாருக்கும் தெரியும். கழுதை என்ற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். "அந்தக் கழுதை இங்கேதான் நிற்கிறது" என்றேன், சிரிப்பு நின்றது. 18ஆம் தேதி என்ற வரிக்கு வந்தபோது நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தேன்.

ஒரு டைரக்டர், இது உங்கள் தம்பி விஷயம், சொந்த அக்கறை உள்ள நீங்கள் ஆலோசனை சொல்லலாமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதையும் மினிட்ஸில் எழுதுங்கள் என்றேன். என் தம்பி என்பதால் இந்தக் கடிதம் எனக்கு வந்தது, மற்றவர்கள் எனக்குக் கடிதம் எழுதவில்லை, ஆனால் அவர்களும் ஏறுகிறார்கள் என்றேன். என் ஆலோசனையை எழுத்தில் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். இதை எந்த நாட்டு அதிகாரியும் எடுத்துப் படிக்கலாமே என்றார்கள். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன் என்றேன்.

கைக்குட்டை கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்த மௌனசாமிக்கு எத்தனை குழந்தைங்க?"

எனக்குத் தெரியவில்லை தம்பி. மூன்று என்ற எண் மட்டும் எங்கோ ஞாபகத்தில் இருந்தது. மூன்று என்றேன். சரிதானே?

அரை மணி நேரத்தில் முடிவு எடுத்தார்கள். ஒன்பது நாட்டு வக்கீல்களும் இந்த முறை ஒரு சொல்லையும் வெட்டவில்லை. அவ்வளவு சின்ன அறிவிப்பில் வெட்ட இடமில்லை. உன் கடிதம் மினிட்ஸுக்கு இணைப்பு நான்கு. மற்ற நாட்டு வக்கீல்களுக்காக அதை அவரவர் மொழியில் மாற்றுகிறார்கள். "மூக்கே வரவில்லை" என்பதை எப்படி மாற்றுவது என்று இரண்டு பேர் எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்காரியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

அக்கா

ஜூன் 14

அக்கா,

நலம்.

இரண்டு கடிதத்தையும் படித்தேன். முதலில் பெருமையாக இருந்தது. அப்புறம் காலண்டரைப் பார்த்தேன்.

13ஆம் தேதி உனக்குத் தெரியும், 18ஆம் தேதி நான் ஏறுகிறேன் என்று. நடுவில் நாலு நாள். 16ஆம் தேதி சாயங்காலம் நீ எனக்குப் போன் செய்தாய். துணிக்கடை லிஃப்டில் இருந்தேன். "சாப்பிட்டியா?" என்றாய். இல்லை, இனிமேல்தான் என்றேன். "சாப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

அப்போது நான் எங்கே நின்று பேசினேன் தெரியுமா? கூண்டின் மேல்.

என் வீட்டுக்காரி, சர்க்குலர் மடிப்பைக்கூட இன்னும் மேசைக் காலிலிருந்து எடுக்கவில்லை என்று மட்டும் என்னிடம் சத்தம் போட்டாள். எனக்குத்தான் புரியவில்லை. கம்பெனிக்கு முகமில்லை என்று நீயே எழுதினாய். எனக்கு முகம் இருக்கிறதே அக்கா.

தம்பி

ஜூன் 27

அன்புள்ள தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

துணிக்கடை எனக்குத் தெரியாது. 18ஆம் தேதியை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன், 16ஆம் தேதி நீ எதன் மேல் நிற்பாய் என்று யோசிக்கவே இல்லை. ஒரு தேதியைக் கடிதத்தில் பார்த்துவிட்டால் மற்ற நாளெல்லாம் பத்திரம் என்று நினைக்கிற புத்தி எங்களுக்கு உண்டு. உன் கடிதத்தில் அந்த வரியைப் படித்ததும் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

ரகசியம் காப்பது என் கடமை, சொன்னால் லைசென்ஸ் போகும் என்று எழுதலாம். அது உண்மைதான், ஆனால் காரணம் அது இல்லை. உயிர் போகும் விஷயத்தில் சொல்லலாம் என்று வாதாட எனக்கே தெரியும். போன் செய்தது சொல்வதற்காகத்தான். உன் குரலைக் கேட்டதும் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. உன்னிடம் சொல்லிவிட்டால் நீ பத்திரம். நீ பத்திரம் என்று தெரிந்தால் 17ஆம் தேதி கூட்டத்தில் எனக்கு வேகம் இருக்காது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள், சரி என்பேன். மார்ச்சில் ஏதோ ஒன்று போனால் போதும் என்று கையெழுத்துப் போட்டவள்தானே நான். என்னை எனக்குத் தெரியும் தம்பி. நீ மேலே நின்றால்தான் நான் கீழே நின்று கத்துவேன்.

கூட்டம் தோற்றிருந்தால் அந்த அறை வாசலில் நின்றே உனக்குப் போன் செய்திருப்பேன். ராஜினாமா கடிதம் பையில் இருந்தது. இதை நம்பு என்று நான் கேட்கமாட்டேன், சாட்சி கிடையாது.

நான் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சட்டத்தில் பதில் இருக்கிறது, அது எனக்குப் போதவில்லை. உன் உயிரை வைத்து என் தைரியத்தை வாங்கினேன். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், கம்பெனி சார்பாக இல்லை, எனக்காக.

இங்கே இரண்டு டைரக்டர்கள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரு நாட்டில் விசாரணை தொடங்கி என் போனையும் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். வேலை இப்போதைக்கு இருக்கிறது. பேனா இருக்கிறது.

அக்கா

ஜூலை 16

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லாரும் நலம், நீயும் நலமாக இருந்தே ஆக வேண்டும். ஒன்பது நாள் உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அது இப்போது கிரீஸ் கறையில் ஊறிவிட்டது, இனி எந்த அதிகாரி எடுத்தாலும் படிக்க முடியாது.

புது ஸ்பிரிங் வந்தது. ஆஸ்பத்திரி லிஃப்டில் பழையதை நானே கழற்றினேன். முக்கால்வாசி வெடித்திருந்தது, கட்டைவிரலால் அழுத்தினேன், கையோடு இரண்டாக வந்தது. மௌனசாமி இரண்டு துண்டையும் துணியில் சுற்றித் தன் டிபன் பையில் போட்டுக்கொண்டான். துணிக்கடையில் இருந்ததில் விரிசல் இல்லை. இதை உனக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும், கோபத்தில் கடைசியாகச் சொல்கிறேன். இந்த ஊரில் மட்டும் அன்று காலை பதினோரு பேர் ஏற வேண்டியிருந்ததாம், மேனேஜர் கணக்கெடுத்தார். அதில் நாலு பேரை எனக்குத் தெரியும். ஒருத்தனுக்கும் வக்கீல் அக்கா கிடையாது.

அதனால் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. பாதி இருக்கிறது. மீதியை வருஷக் கடைசியில் நேரில் வந்து தீர்த்துக்கொள்கிறேன், ஜன்னலையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஒரு சட்டப் பிரச்சினை. மௌனசாமிக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஒன்பது நாட்டுக் காகிதத்தில் அவனுக்கு மூன்று பிள்ளைகள் என்று ஏறியிருக்கிறது. மினிட்ஸைத் திருத்தச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "இருந்துட்டுப் போகட்டும்ணே, எழுதினதை ஏன் அழிக்கணும்" என்றான். பெயர் என்ன வைத்தார்கள் என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறான்.

என் வீட்டுக்காரி எழுதச் சொன்னது: "வேலை போனா அண்ணி இங்க வந்து இருக்கட்டும். ஹால்ல இவர் படுத்துக்குவார்." வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னாள், அதை நீயே எடுத்துக்கொள்.

நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். எதைச் சொல்ல முடியாவிட்டாலும் பரவாயில்லை, யாருடைய போனிலாவது என்னைக் கூப்பிடு. நீ "சாப்பிட்டியா" என்று கேட்டால், இனிமேல் நான் முதலில் கீழே இறங்கிவிட்டு அப்புறம்தான் பதில் சொல்வேன்.

தம்பி